வயர் அக்கா

'சேமி' பொத்தானை அழுத்திய மறுநொடி, குனிந்து மேசைக்கடியில் கைவிட்டு இணைய வயரைப் பிடுங்கிவிடுவாள். பிறகு நிமிர்ந்து, பால் பொங்குமா என்று அடுப்பருகே நிற்பவளைப்போல் திரையையே பார்ப்பாள். ஆஸ்பத்திரியின் கணினி அறையில் எந்தப் புதுப் படிவமும் இந்தச் சோதனைக்குத் தப்பாது. அதனால்தான் அவள் வயர் அக்கா.

"நல்லா ஓடுறப்ப எல்லாம் நல்லாத்தான் ஓடும். பாதில விழுந்தா என்ன பண்ணுதுன்னு பாக்கணும்ல?"

வெளியில் பார்த்தால் படிவம் ஒரே பக்கம். உள்ளே சங்கதி வேறு. நோயாளியின் பெயரும் வயதும் ஓர் அட்டவணைக்குப் போகும். ஒவ்வாத மருந்துகள் இன்னொன்றுக்கு. வீட்டாரின் தொலைபேசி எண் மூன்றாவதற்கு. "மூணும் போகணும். ஒண்ணு போகலன்னா மத்த ரெண்டும் திரும்பி வந்துரணும். அரைகுறையா உள்ள போய் உக்காந்துக்கிட்டு 'சேமிச்சாச்சு'ங்கறதுக்குப் பேரு புளுகு" என்பாள்.

வீட்டிலோ எல்லாம் தலைகீழ். ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர் குளிர்காலங்கள் பல கண்டு நாற்காலியில் தொங்குகிறது. கூடத்துச் சுவரில் பாதி நீலம், பாதி பழைய வெள்ளை. "எங்கம்மா முழுசா முடிச்ச ஒரே வேலை என்னைப் பெத்ததுதான்" என்பாள் மகள். "வளக்கிற வேலை இன்னும் பாக்கி இருக்குடி" என்று பதில் வரும்.

காய்ச்சலில் அவள் படுத்திருந்த வாரத்தில், சேர்க்கைப் படிவத்தின் புது வடிவத்தை மேலாளர் சோதனைக்குக் காத்திராமல் ஏற்றிவிட்டார். அவள் திரும்பி வந்த காலையில், வரவேற்பு மேசைப் பெண் கண் கலங்கி நின்றாள். விடியலில் தெருவில் மயங்கி விழுந்த ஓர் அம்மாளை யாரோ கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பெயர், வயது, ஒவ்வாத மருந்து எல்லாவற்றையும் தன் வாயால் சொன்ன பிறகு அந்த அம்மாளுக்கு மறுபடி நினைவு தப்பியது. ஆனால் வீட்டு எண் இருக்க வேண்டிய இடம் காலி. "அறுவைக்குக் கொண்டுபோறோம், யாருக்குத்தான் சொல்றது?" என்று மாடியிலிருந்து நர்ஸ் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அடிச்சேன்க்கா. ரெண்டு நம்பர் சொன்னாங்க, ரெண்டையும் அடிச்சேன். சேமிச்சாச்சுன்னு பச்சையா வந்துச்சு. இப்ப எல்லாரும் நான் தூங்கிட்டேங்கறாங்க."

"அவசரத்துல விட்டிருப்பா மேடம்" என்றார் மேலாளர்.

அக்கா அந்தப் பெண்ணுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரும்மா. காலைல எப்படி அடிச்சியோ அப்படியே இங்க அடி."

அந்தப் பெண் ஒரே கட்டத்தில் இரண்டு எண்களையும் அடித்தாள், நடுவில் ஒரு சாய்கோடு. அக்கா 'சேமி'யை அழுத்தி, உள்ளே மூன்று அட்டவணைகளையும் திறந்து பார்த்தாள். இலக்கங்களை மட்டுமே கொள்ளும் மூன்றாம் அட்டவணை சாய்கோட்டை ஏற்காது. அது மறுத்ததும் மற்ற இரண்டும் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை, திரையோ ஒன்றும் அறியாததுபோல் பச்சை காட்டிச் சிரித்தது.

"ஒரு வீட்ல ரெண்டு நம்பர் இருக்கக்கூடாதா? சார், தூங்கினது இவ இல்ல. நம்ம ஃபார்ம்."

மேலாளர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "என்னாலதான். புது ஃபார்மை இப்பவே எடுத்துரலாமா?"

"எடுத்துட்டேன். வரிசைல நிக்கிறவங்களைத் தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க."

மறுக்கப்பட்டவற்றைக் கணினி தன் பிழைப் பதிவில் குறித்து வைக்கும். அதை அவள் கீழிருந்து மேலாக அலசினாள். விடியல் நேரத்துக்கு நேராக இரண்டு எண்களும் சாய்கோட்டோடு கிடந்தன.

மேசைத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்து முதல் எண்ணை அழுத்தினாள்; ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவது மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மூச்சிரைக்க ஓர் ஆண்குரல்: "ஹலோ? அம்மா, எங்கம்மா போன நீ?"

அக்கா ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினாள். "நீ அடிச்ச நம்பர்தான். நீயே சொல்லும்மா." திரும்பி, சுவரோரம் நின்ற அந்தப் பெண்ணை இழுத்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, ரிசீவரை அவள் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.