விசிறியில் எழுதிய மூன்று விதிகள்

சீட்டாட்டத்தில் ஜெயிப்பது பற்றிய அந்த மெல்லிய புத்தகத்தைக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன். உத்திரமேரூரில் இறங்குவதற்குள் படித்து முடித்துவிட்டேன். ஏமாந்துவிட்டதாகத் தோன்றியது. கை மோசமாக இருந்தால் முதலிலேயே சீட்டைக் கவிழ்த்து விலகிவிடு. எதிராளி எடுக்கும் சீட்டைக் கவனி. பெரிய சீட்டுகளை வைத்துக்கொண்டு காத்திருக்காதே. இதைச் சொல்ல ஒரு புத்தகமா?

புத்தகம் வாங்கக் காரணம் கிணறு. நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுக் கிணறு, அதில் ஒரே மோட்டார். கோடையில் காலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்தால் மூன்று மணி நேரத்தில் கிணறு காலி. முதலில் பாய்ச்சுகிறவருக்குத் தண்ணீர், அடுத்தவருக்குச் சேறு. முன்பெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறை வைத்திருந்தார்கள். கரண்ட் வராத நாள் யாருடையது என்பதில் அடிதடி வரை போனதால், ஞாயிற்றுக்கிழமை மோட்டார் கொட்டகையில் ரம்மி ஆடி, ஜெயித்தவருக்கு அந்த வாரம் முழுக்க முதல் தண்ணீர் என்று முடிவானது. இருவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

நைனா தொடர்ந்து மூன்று வாரம் தோற்றிருந்தார். எங்கள் சொர்ணவாரிப் பட்டத்து நெல் கதிர் வெளிவரும் கட்டத்தில் நின்றது. இந்த வாரமும் தோற்றால் அத்தனையும் பதர்தான்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து வேலைக்காகக் காத்திருந்தேன். எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். போன வார ஆட்டத்தை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். நைனா மூன்று விதிகளையும் மீறியிருந்தார். கையில் இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டு மூன்றாவதுக்காகக் கடைசி வரை காத்திருந்தார். அதைச் சித்தப்பா எப்போதோ எங்கள் கண் முன்னால் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"கை சரியில்லன்னா கவுத்துட வேண்டியதுதானே நைனா?"

"அது எனக்குத் தெரியாதா? சின்னவன் எதிர்ல கவுத்தா சிரிப்பான்மா."

வேடிக்கை பார்ப்பவர் ஆட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. ஆகவே மூன்று விதிகளையும் நைனாவின் பனையோலை விசிறியில் மையால் எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறன்று சித்தப்பா கொட்டகையில் வந்து உட்கார்ந்ததும் விசிறியைப் பிடுங்கி உரக்கப் படித்தார்.

"கை மோசமா இருந்தா கவுத்துடு! இன்னாண்ணா இது? இத்த கத்துக்கவா பொண்ண மூணு வருஷம் படிக்க வச்சே?"

"எழுதினது அவ. அவளையே கேளு" என்றார் நைனா.

தோற்கிற கைகளின் புள்ளி நூற்றொன்று சேர்ந்தால் அவுட். முதலிலேயே கவிழ்த்தால் இருபதோடு போகும், மாட்டிக்கொண்டால் எண்பது வரை ஏறும். முதல் கை நைனாவுக்கு மகா மோசம். விசிறியைப் பார்த்தார். கவிழ்த்தார்.

"நான் பண்லடா. விசிறி சொல்லுது."

அடுத்த கையையும் விசிறி கவிழ்த்தது. புத்தகத்தில் நைனாவுக்குத் தெரியாத விதி எதுவும் இல்லை. பழியைப் போட ஓர் ஆள்தான் இதுவரை இல்லாமல் இருந்தது.

மூன்றாவதில் சித்தப்பாவுக்கு மோசமான கை. முகத்திலேயே தெரிந்தது. விசிறியைப் பார்த்தார்.

"வெசிறிய பாத்து ஆட்றவனா நானு?"

ஆடினார். எண்பது ஏறியது. அடுத்த கையும் அவருக்கு மோசம்தான். கவிழ்த்திருந்தால் நூறோடு பிழைத்திருப்பார். ஆனால் கவிழ்த்தால் என் எழுத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். அவுட்.

திங்கள் காலை ஆறு மணிக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் அசையவில்லை. ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி ஒவ்வொரு பாகமாகச் சோதித்தேன். அரை மணி நேரம் போனது. நைனா வயலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்க்கால் மேட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்த சித்தப்பா மெதுவாக வந்தார்.

"இன்னாம்மா, ரிப்பேரா?"

"பாத்துக்கினு கீறேன் சித்தப்பா."

மெயின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "பீஸ் கட்ட மூணும் எங்க?"

ஃபியூஸ் கட்டைகள் மூன்றும் என் தலையணைக்கு அடியில் இருந்தன. யாரும் நமக்கு முன்னால் மோட்டார் போட்டுவிடக் கூடாது என்று முந்தின நாள் சாயங்காலம் நானேதான் கழற்றி எடுத்துப் போயிருந்தேன். யாரும் என்று நான் நினைத்தது சித்தப்பாவைத்தான். மோட்டார் ஓடாவிட்டால் முதலில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான்.

வீட்டுக்கு ஓடினேன். ஏழு மணிக்குள் எங்கள் வயலில் தண்ணீர் ஏறியது. அந்த வாரத்திலேயே கதிர் வெளிவந்தது.

அடுத்த ஞாயிறு விசிறியில் நான்காவதாக ஒரு வரி இருந்தது. சித்தப்பாவின் சாய்ந்த கையெழுத்து. "பீஸ் கட்ட கீதான்னு பாரு." நைனா அதையும் படித்துவிட்டுத்தான் சீட்டைக் கையில் எடுத்தார்.