ஆறாவது கோடு

பித்தளைத் தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்து, துளை ஒன்றுக்கு இருபது இழுப்பு என்று எண்ணிக்கொண்டே கரியைத் தேய்க்கிறார் லிங்கேஸ்வரன். பத்தொன்பதில் யாரேனும் குறுக்கே பேசிவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார். வயது ஐம்பத்துமூன்று. ஹென்டர்சனில் ஓர் இரும்புப் பட்டறையில் பதினாறு ஆண்டுகளாகக் கடைசல் பிடிக்கிறார், ரானுயியில் வீடு. துப்பாக்கி உரிமம் பெற்றுப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளில் அவருக்கு வாய்த்த மான்கள் இரண்டு. இரண்டும் பெண்மான்கள்.

கராஜில் அவர் தேய்த்துக்கொண்டிருக்கும் பொருள் அவருடையதன்று. வேட்டைத் துப்பாக்கியின் குழல்முனையில் பூட்டும் விரல் நீள உருளை அது. மசில் பிரேக் என்பார்கள். குண்டுக்குப் பின்னே பீறிடும் வாயுவைப் பக்கத் துளைகளால் வெளியேற்றி, தோளில் விழும் உதையைத் தணிப்பது அதன் வேலை. இது விலை கூடிய வகை. மேலே சுழலும் வளையம், அதில் பத்துக் கோடுகள். துளைகளைத் திறந்தால் உதை குறையும், காது கிழியும். மூடினால் ஓசை அடங்கும், தோள் நோகும். வளையம் ஒரு கோடு நகர்ந்தாலே குண்டு விழும் இடமும் நகர்ந்துவிடும். லிங்கேஸ்வரனின் துப்பாக்கியில் இருப்பதோ அவரே கடைந்து பூட்டிய, அசையாத ஒன்று.

உருளைக்கு உரியவர் நகரின் மறுகோடியில், பிளாட் புஷ் பகுதியில் வசிக்கும் ஜனார்த்தன். மதுரைக்காரர், கணினி வேலை. வேட்டைக்கு வந்து மூன்றே ஆண்டுகளில் ஆறு மான்கள். அவற்றுள் ஒன்று பன்னிரண்டு கிளைக் கொம்புக் கலைமான். தீபாவளி விருந்தில் அதன் படம் கைக்குக் கை மாறி வந்தபோது லிங்கேஸ்வரன் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல கமரா." ஜனார்த்தனின் பெயரை அவர் வீட்டில் உச்சரிப்பதில்லை, 'பிளாட் புஷ்காரர்' என்பதோடு சரி. "உங்கட எரிச்சலிலை ஒரு பானை சோறு வடிக்கலாம்" என்பது அவர் மனைவி நிசாந்தினியின் கணிப்பு.

ஐவர் கொண்ட குழு அவர்களுடையது. ஏப்ரலில் கலைமான்கள் கத்தத் தொடங்கியதும் மலைக்குப் புறப்படுவார்கள். அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுடுகளத்தில் ஆளுக்கு மூன்று குண்டு. எவருடைய மூன்று துளைகள் மிக நெருங்கி விழுகின்றனவோ, மலையில் முதல் வேட்டு அவருக்கு. இரண்டு ஆண்டுகளாக அது ஜனார்த்தனுக்கே போகிறது. அவருடைய துப்பாக்கிக்கு ஆறாவது கோடுதான் பொருந்தும் என்று ஒரு பிற்பகல் முழுதும் சுட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தவர் லிங்கேஸ்வரன். காதில் பஞ்சு, அதன்மேல் காப்பு. "காது பழுதானா மாத்திப் பூட்டேலாது, தம்பி" என்று ஜனார்த்தனையும் அதட்டிக் காப்பை மாட்ட வைத்தார். எத்தனையாவது கோடு என்று ஜனார்த்தன் இன்றுவரை கேட்டதில்லை.

இவ்வாண்டுப் போட்டி நாளைக்கு. இன்று காலை அந்த உருளை ஐஸ்கிரீம் டப்பாவில் வந்து சேர்ந்தது.

"வளையம் சுத்தவே மாட்டேங்குதுண்ணே."

"என்ன எண்ணெய் விட்டனீர்?"

"துருப்பிடிக்கக் கூடாதுன்னு... நல்லெண்ணெய்தான்ணே. சுத்தமான செக்கெண்ணெய்."

"துவக்குக்கோ? தலைக்கும் வைச்சு முழுகவாத்திருக்கலாமே!"

சூட்டில் வெந்த எண்ணெய் கரியோடு சேர்ந்து அரக்காக இறுகியிருந்தது. 'இனிச் சரிவராது' என்று திருப்பி அனுப்பியிருந்தால் ஜனார்த்தன் நம்பியிருப்பார். ஆனால் இறுகிய திருகுமரை ஒன்றைக் கண்டுவிட்டு அப்படியே விட லிங்கேஸ்வரனுக்குக் கை வராது. ஊறவைத்தார், தேய்த்தார், மரையில் சூடு தாங்கும் கிரீஸை நகக்கண் அளவு தடவினார். மூன்று மணிக்கு வளையம் வெண்ணெயாகச் சுழன்றது. ஆறுக்குக் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்குக்குத் திருப்பிப் பூட்டுத் திருகை இறுக்கினார். நான்கில் அந்தத் துப்பாக்கி குண்டுகளை உள்ளங்கை அகலத்துக்குச் சிதறடிக்கும். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நான்கு மணிக்கு வந்த ஜனார்த்தன் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"சரியாயிடுச்சாண்ணே?"

"ஓம். சுத்துது."

"உங்க கை பட்டா போதும்ணே. நாளைக்கு ஹென்டர்சன் கிளப்ல இருந்து நாலு பேர் நம்மளைப் பார்க்க வர்றாங்க. என் ரைஃபிள்ல கை வைக்கிறது லிங்கண்ணன் ஒருத்தர்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். அவங்க பிரேக்கையும் உங்ககிட்டயே குடுக்கணுமாம்."

லிங்கேஸ்வரன் தலையசைத்தார். கார் பின்னோக்கி நகர்ந்து, வாசலைக் கடந்து, தெருவுக்குத் திரும்பியது. அவர் கராஜுக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு தெருவில் ஓடிக் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

கண்ணாடி இறங்கியது. "என்னண்ணே, எதாவது மறந்துட்டேனா?"

அவர் பூட்டுத் திருகைத் தளர்த்தும் அலன் கீயை இடக்கையில் பிடித்தபடி, டப்பாவைக் கேட்டு வலக்கையை விரித்து உள்ளே நீட்டினார்.