பாய்லர் அறைக்கு அடுத்த அறை

என் கணவருக்கு ஆள் கூப்பிட்டு வேலை வாங்குவதென்றால் பிடிக்காது. குழாய் ஒழுகினாலும் கராஜ் கதவு மக்கர் பண்ணினாலும் முதலில் போனில் வீடியோ பார்ப்பார், பிறகு டூல் பாக்ஸைத் திறப்பார். பாதி நேரம் சரியாகியும் விடும். அதுதான் வினை.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய அம்மா, என் அத்தை, திருச்சியிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலியால் மாடி ஏற முடியாது என்பதால் கீழ்த்தளத்து அறையைக் கொடுத்தோம். சுவருக்கு அந்தப் பக்கம், வீடு முழுவதையும் சூடாக்கும் கேஸ் பாய்லர் இருக்கும் அறை. வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்று அம்மாவுக்காக அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அப்படியும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கின் அமெரிக்கக் குளிர் அத்தைக்குத் தாங்கவில்லை. புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, காலில் மகனுடைய சாக்ஸ் என்று உட்கார்ந்திருப்பார்.

ஒரு காலையில் பாய்லர் நின்றுபோனது. அறைகளுக்குச் சூடு தரும் ரேடியேட்டர்கள் ஜில்லிட்டுக் கிடந்தன. இவர் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, பாய்லரின் தகர மூடியைக் கழற்றித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிரேக்கர் விழவில்லை. தெர்மோஸ்டாட்டில் குறையில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து இருபத்து நான்கு வோல்ட் ஒழுங்காக வந்தது. அந்தக் கரண்ட் எங்கே தடைபடுகிறது என்று மல்ட்டிமீட்டரால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனவர், புகைக்குழாய் கிளம்பும் இடத்தில் ஒட்டியிருந்த ஒரு சின்ன சுவிட்சில் போய் நின்றார். அதன் ஒரு பக்கம் கரண்ட் இருந்தது, மறு பக்கம் இல்லை.

"புடிச்சிட்டேன்!" என்று கத்தினார். "நாலு வருஷம் எலெக்ட்ரிக்கல் படிச்சதுக்கு இன்னைக்குத்தான் பிரயோஜனம்."

சுவிட்சின் நடுவில் இருந்த பொத்தானை அழுத்தியதும் பாய்லர் எரிந்தது. மறுநாளே திரும்ப நின்றது. திரும்ப அழுத்தினார். திரும்ப நின்றது.

"அது ஏங்க திரும்பத் திரும்ப விழுது? ஒரு ஆளைக் கூப்பிடுங்களேன்" என்றேன்.

"சுவிட்ச் வீக்காயிடுச்சு, அவ்ளோதான். புதுசு ஆர்டர் பண்ணியாச்சு. அது வர்ற வரைக்கும் பைபாஸ் பண்ணிடறேன். அம்மா வெடவெடன்னு நடுங்கறாங்க, நீ பாக்கறியா இல்லையா?"

சுவிட்சிலிருந்து இரண்டு கம்பிகளையும் உருவி, ஒன்றாகச் சேர்த்து முறுக்கினார். அதற்குப் பிறகு பாய்லர் நிற்கவே இல்லை.

அந்தச் சுவிட்சில் எந்தக் கோளாறும் கிடையாது. புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பினால் பாய்லரை நிறுத்துவதற்கென்றே வைத்தது அது. சிம்னிக்குள் செங்கல் பெயர்ந்து விழுந்து அடைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் பிற்பாடு பிறர் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

அந்தப் புகையோடு வரும் வாசமில்லாத விஷவாயுவுக்கு அலாரம் இல்லையா என்று கேட்காதவர்கள் இல்லை. இருந்தது. புகைக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் சேர்த்து ஒரே அலாரம், கீழ்த்தளத்து ஹாலில் இருந்தது. அத்தை வந்த கையோடு அங்கே கணபதி ஹோமம் செய்தோம். இங்கே ஹோமம் செய்ய வருகிற எந்த ஐயரும் மணையில் உட்காருவதற்கு முன்னால் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார். "மொதல்ல அத எறக்கிடுங்கோ, இல்லேன்னா மந்திரம் முடியறதுக்குள்ள ஃபயர் இன்ஜின் வந்து நிக்கும்" என்றார் எங்கள் வீட்டுக்கு வந்தவரும். எல்லோரும் சிரித்தோம். இறக்கிய அலாரம், மீந்த சமித்துக் கட்டோடும் நெய் டப்பாவோடும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போனதோடு சரி. எங்களுக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் இதே கதைதான்.

அத்தைக்குத் தலைவலி ஆரம்பித்தது, கூடவே குமட்டல். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். தைலம் தேய்த்தோம், மிளகு ரசம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போனபோது அவர் முகம் தெளிந்துவிட்டது.

"பெருமாள் முன்னாடி நின்னேன் பாரு, தலவலி போன எடம் தெரியல" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். வீட்டுக்கு வந்து படுத்ததும் வலி திரும்பிவிட்டது.

"அப்ப உன்ன கோயில்லயே விட்டுட்டு வந்துடறேம்மா" என்று இவர் கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த சில நாட்களில், ஒரு காலை, காபி எடுத்துக்கொண்டு கீழே போனேன். அத்தை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, தன் வாந்தியிலேயே கிடந்தார். உலுக்கினேன், கண் திறக்கவில்லை. 911-க்கு அழைத்தேன். வந்த தீயணைப்புக்காரர்கள் கையிலிருந்த விஷவாயு அளக்கும் கருவி வாசற்படியிலேயே அலறத் தொடங்கியது. அத்தையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு எங்களைப் பனியில் நிறுத்தினார்கள். பாய்லர் அறைக்குள் போய் வந்த ஒருவர், "ஹூ டிட் திஸ்?" என்று கேட்டார். குரலை உயர்த்தக்கூட இல்லை. இவர் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் கையைத் தூக்கினார்.

அத்தை பிழைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. ஆஸ்பத்திரியை மறந்தார், கோயிலை மறந்தார், குளியலறை எந்தப் பக்கம் என்பதையும் மறந்தார். விஷவாயு மூளையைத் தொட்டிருக்கிறது, இனி இப்படித்தான் என்றார் டாக்டர். எனக்கு இவர்மேல் கொதித்த கொதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று கிளம்புவேன். இவர் குனிந்து அம்மாவுக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருப்பார். வந்த வழியே திரும்பிவிடுவேன்.

அத்தையின் தங்கை திருச்சியிலிருந்து வாரம் தவறாமல் வீடியோவில் அழைப்பார். அத்தை ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி போல ஒன்றையேதான் சொல்வார்.

"இங்க பாய்லர் நின்னு போச்சுடி. நான் குளிர்ல கெடப்பேன்னு எம்புள்ள ஆள்கூட கூப்பிடல, தானே உக்காந்து சரி பண்ணிட்டான். டேய் கண்ணா, இங்க வா. சித்திகிட்ட நீயே சொல்லுடா."

இவர் வந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் நிற்பார். அந்தப் பக்கம் சித்திக்கு எல்லாம் தெரியும். அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்படியாப்பா?" என்று மட்டும் கேட்பார்.

"ஆமா சித்தி" என்பார் இவர். "ஒரு சின்ன சுவிட்ச்தான்."