கிணற்றில் போட்ட டைம்பீஸ்

துப்பறியும் நாவல் படிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வேலைவெட்டி இல்லாதவன் படிக்கிற குப்பை என்பார்கள். எனக்கு வேலை இருந்தது ஐயா. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு வரை மலாக்கா டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் நின்றபடியே துணி கிழித்துக்கொண்டிருந்தேன். முதலாளி பார்க்கும்போதும் கையில் கஜக்கோல் இருக்க வேண்டும், பார்க்காதபோதும் இருக்க வேண்டும். ஒருநாள் நான் வராவிட்டால் அந்தக் கஜக்கோல் இன்னொருவன் கைக்குப் போகும், அவ்வளவுதான் நான். அப்படிப்பட்டவனிடம், ஒரே ஒரு ஆள் சரியான நேரத்தில் உள்ளே நுழைந்ததால் ஒரு ஊரே பிழைத்தது என்று ஒரு புத்தகம் சொன்னால் இனிக்காதா? எனக்கு இனித்தது. இந்த வயதிலும் இனிக்கிறது. அதனால் நான் அடித்த கூத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கி முதல் பொங்கல் வரவிருந்த சமயம். எங்களுடையது வெள்ளைக்காரனின் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட். சண்டை எங்கோ கடலுக்கு அப்பால் நடந்தாலும் சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஒற்றர்கள் இருக்கலாம், வாயை அடக்கு, சந்தேகம் வந்தால் சொல். கடையில் வேலை பார்த்த நாங்கள் நாலு பேரும் சேர்ந்து, நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த ஒரு நாவலை வாங்கினோம். ஒரு புத்தகத்தை நாலு பேர் எப்படிப் படிப்பது? தையலைப் பிரித்து நாலு துண்டாக்கிச் சுற்றில் விட்டோம். ஒரு துறைமுகத்தை வெடிவைத்துத் தகர்க்க ஒரு கும்பல் சதி செய்கிறது. டைம்பீஸ் வைத்த குண்டுகள் இரண்டு. துப்பறிகிறவர் முதல் குண்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிவிடுகிறார். இரண்டாவது எங்கே என்பது நாலாம் துண்டில். அது எங்கள் கடையிலேயே மூத்தவரிடம், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவரிடம், மாட்டிக்கொண்டது. அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்.

"குண்டு எங்க நானா இருக்கு?" என்று தினமும் கேட்பேன்.

"இரு தம்பி. இப்பத்தான் அவன் டீ குடிக்க உக்காந்திருக்கான்."

மூன்று நாளாக அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முன் நான் இருந்தது முதலாளியின் சிங்கப்பூர்க் கடையில். மலாக்காவுக்கு அனுப்பி இருபது நாள்தான் ஆகியிருந்தது. டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் ஒரு பீபியின் வீட்டுப் பக்கத்து அறையில் குடியிருந்தேன். அங்கே மூத்த பெண்களைப் பீபி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டாரைப் பார்த்த நாள் முதலே எனக்குக் குழப்பம். நெற்றியில் விபூதி, வாசலில் மாவிலை, நாலு எட்டில் கோயில். வாயைத் திறந்தால் மலாய். தமிழில் பேசினால் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார்கள். மலாக்காச் செட்டிகள் என்று ஒரு சனம் உண்டு, பல தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த மண்ணோடு கலந்தவர்கள், தமிழ் விட்டுப்போனாலும் சாமியை விடாதவர்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது யார் சொன்னார்கள்? நாவல் படித்த மூளைக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. வேஷம்.

எனக்கு அப்போது தெரியாத இன்னொன்றையும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போலத் துப்பறியக் கிளம்பிவிடுவீர்கள். பீபியோடு மகளும் மருமகனும் இருந்தார்கள். மகன் ஒரே ஒருவன். கரையோரம் ஓடும் ஒரு கப்பலில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. சில மாதங்களுக்கு முன் அந்தக் கப்பலின் அடித்தட்டில் தீப்பிடித்தது. தீ மேலே பரவாமலிருக்க இரும்புக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டார்கள். அவன் உள்ளே இருந்தான். உடல் வரவில்லை. கூட வேலை செய்தவன் ஒரு சட்டையையும் ஒரு டைம்பீஸையும் கொண்டுவந்து கொடுத்தான். அன்றிலிருந்து அந்த டைம்பீஸை நிற்கவிடாமல் தினமும் பீபி சாவி கொடுத்து வந்தாள்.

பொங்கலுக்கு முதல்நாள் அவர்கள் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். பர்ச்சு என்பார்கள். வாழையிலையில் அவர்களுக்குப் பிடித்ததை வைத்து, அவர்கள் பொருளைப் பக்கத்தில் வைத்து, கதவு சன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுப் போவார்கள். நடுவில் கதவைத் திறந்தால் பாதி வயிற்றோடு எழுந்து போய்விடுவார்களாம், பிறகு அடுத்த வருஷம்தான். மகனுக்கு அது முதல் பர்ச்சு. அவனுக்கு ஒருவேளை சோறு போட அவள் அத்தனை மாதம் காத்திருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கடை அரை நாள்தான். ஜும்மா முடிந்து அறைக்கு வந்து படுத்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் டிக், டிக். பீபியின் உள்ளறையில் இருக்கும் கடிகாரம் கூடத்துக்கு வந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? முந்தின நாள்தான் அவளுடைய மருமகன் துணி போட்டு மூடிய கூடை ஒன்றைப் பின்வாசல் வழியாக உள்ளே தூக்கிப் போனதைப் பார்த்திருந்தேன். உட்கார்ந்தேன். சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பட்டப்பகலில். பிறகு பீபி, மகள், மருமகன் மூவரும் சத்தம் வராமல் வெளியேறி, ரம்புத்தான் மரத்தடியில் போய் நின்று, பேச்சில்லாமல் சாத்திய கதவையே பார்த்தார்கள். பட்டாசுத் திரியைக் கொளுத்திவிட்டு விலகியவர்கள் நிற்கிற மாதிரி.

ஓடிவிடத்தான் முதலில் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அப்போது அடுத்த வீட்டில் யாரோ தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுவது கேட்டது. அவ்வளவுதான். என் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு, தாழ்ப்பாள் என் பக்கம். திறந்து உள்ளே பாய்ந்தேன். மெழுகுவர்த்தி, சாம்பிராணிப் புகை, ஒரு இலை, மடித்த சட்டை, அதன்மேல் டைம்பீஸ். சட்டையோடு சுருட்டி அள்ளினேன். கால் இலையில் மாட்டிச் சோறு சிதறியது. அடுக்களை வழியாக ஓடி, புறக்கடைக் கிணற்றில் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்தேன்.

வெடிக்கவில்லை. சரியாக அமுக்கிவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. மருமகன் வந்து என் சட்டையைப் பிடித்துத் தூக்கும் வரை அந்தப் பெருமை இருந்தது.

சிங்கப்பூரில் எனக்கு மலாய் பழகியிருந்ததால் அவன் கத்தக் கத்த விஷயம் புரிந்தது. பீபி கத்தவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்கினேன். மார்பளவு தண்ணீர். காலால் துழாவிச் சட்டையை எடுத்தேன், மூழ்கித் தடவி டைம்பீஸை எடுத்தேன். மேலே வந்து அவள் கையில் கொடுத்தேன். நின்றுபோயிருந்தது. அந்த நிமிஷம் செத்துவிடலாம் போலிருந்தது.

அவள் மலாயில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இத என்னன்னு நெனச்ச தம்பி?"

"குண்டுன்னு நெனச்சேன் பீபி."

"வெடிக்கும்னு நெனச்சியா?"

"ஆமா."

"வெடிக்கும்னு நெனச்சுமா உள்ள போன?"

தலையை ஆட்டினேன். அவள் டைம்பீஸைக் காதில் வைத்துப் பார்த்தாள், முந்தானையால் துடைத்தாள், மடியில் வைத்துக்கொண்டாள். மருமகன் என்னைக் காட்டி, இவன் இப்பவே வீட்டைக் காலி பண்ணணும் என்றான். பீபி அதைக் காதில் வாங்கவில்லை. மகளிடம், இன்னொரு இலை நறுக்கிக்கொண்டு வா என்றாள்.

"நடுவுல கதவத் தெறந்தாச்சு அத்த. போயிருப்பான். இனி அடுத்த வருஷம்தான்," என்றான் மருமகன்.

"ஒருத்தன் கதவத் தெறந்துக்கிட்டு உள்ள வந்தான்னா என் மகன் எந்திரிச்சுப் போவானா?" என்றாள் பீபி. "அதுக்குத்தான அந்தக் கப்பல்ல காத்துக் கெடந்தான்."

சிதறிய சோற்றை நானும் மகளும் கூட்டி அள்ளினோம். புது இலையில் மறுபடி சோறு வைத்து, ஈரச் சட்டையையும் ஓடாத டைம்பீஸையும் பக்கத்தில் வைத்தார்கள். எல்லோரும் மரத்தடிக்குப் போனோம். என் கைலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மருமகன் கடைசியாக வந்து வாசல் கதவைச் சாத்தப் போனான். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றாள் பீபி.