மண்டபத்தில் கழிந்த பகல்

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில், கம்ப்யூட்டர் கடை விஜயராஜ் அஞ்சலாட்சியின் விசா படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அவளுக்குக் கனடாவிலும் முதியோரைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. இனி விசா ஒன்றுதான் பாக்கி.

"எப்பவாச்சும் கைதாயிருக்கீங்களாக்கா?"

"நானா? இல்லன்னு போடுப்பா."

சொன்ன பிறகுதான் அந்தப் பகல் மிதந்து வந்தது. சில வருஷங்களுக்கு முன், சுரங்கத்தின் கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி மறியல் செய்த அவளையும் மற்ற பெண்களையும் போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் இறக்கியது. எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். மின்விசிறிக் காற்றில் மேடையின் காகிதப் பூக்கள் மெல்ல ஆடின. யாரோ முணுமுணுவென்று பாட, பகலில் படுத்தே அறியாத அவள் ஜமுக்காளத்தில் தூங்கிப்போனாள். சாயங்காலம் பெயர் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவள் மனத்தில் அது ஓய்வு நாளாகவே தங்கிவிட்டது.

"மறியலுக்குப் போயி மண்டபத்துல இருந்தோமே, அதுவுமா கைது?"

"சோறு போட்டா விருந்தாக்கா? கைதுதான். கேஸு?"

"கோர்ட்டுல தள்ளுபடி ஆயிடுச்சி."

"அப்ப இல்லன்னே இருக்கட்டும். யாரு தோண்டிக்கினு இருக்கப்போறாங்க?"

"வயசானவங்க வழுக்கி வுழுந்தா, அடி படலன்னாலும் நோட்டுல எழுதணும். அதான் எங்க வேலை. பின்னால தெரிஞ்சா பொய் சொன்னேன்னு விசாவே தரமாட்டாங்க. ஆமான்னு மாத்து."

விஜயராஜ் மாற்றினான். விசா வருமா என்பது அவள் கையில் இல்லை. தள்ளுபடி உத்தரவின் நகல் வாங்க, அப்போதே கோர்ட்டுக்குப் பஸ் ஏறினாள்.