பொழுதுபட்டால் யார் தேடுவார்?

இந்த நாட்டில் உடன்பிறந்த அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகவும் நாள் குறிக்க வேண்டும். டென்மார்க்கில் என்னோடு வேலை செய்யும் காரென், தன் அக்கா வீட்டுச் சாப்பாட்டை அடுத்த மாதக் கலெண்டரில் எழுதி வைத்திருக்கிறாள். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். மட்டக்களப்பில், என் ஊரான தேற்றாத்தீவில் எங்கள் வளவுக்கும் சின்னம்மா வளவுக்கும் இடையே வேலியில் ஒரு கடப்பு இருந்தது. அம்மாவின் மீன்குழம்பு பிடிக்காத நாளில் தட்டோடு அதற்குள்ளால் போய்விடுவேன். பெண்பிள்ளைகளுக்கே வீடும் வளவும் கொடுக்கும் ஊர் எங்களது. அக்கா தங்கைகள் அருகருகே இருப்பார்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் பிள்ளைகள்.

காரெனும் நானும் பல நாடுகளுக்கு உதவும் சிறுவர் நல நிறுவனம் ஒன்றில் இருக்கிறோம். ஆய்வுகள் சொல்வதை, களத்தில் நிற்கும் உத்தியோகத்தர்களுக்கு வழிகாட்டியாக எழுதுவது அவள் வேலை. அதைத் தமிழாக்கி, சனிக்கிழமைகளில் சூமில் மட்டக்களப்புக் கரையோர உத்தியோகத்தர்களோடு பேசுவது என் வேலை. தாய் அருகில் இல்லாத பிள்ளைக்கு நிலையான பராமரிப்பு வேண்டும் என்பது அதில் முக்கியமான பாடம். நல்ல பாடம்தான். ஆனால் காரென் அதை "ஒரே வீடு, ஒரே பராமரிப்பாளர்" என்று எழுதியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, பெரியகல்லாற்றில் வேலை செய்யும் சுகந்தினி கூட்டம் முடிந்தும் போகாமல் இருந்தாள்.

"அக்கா, இஞ்ச ஒரு பொம்புளப் புள்ள. தாய் குவைத்துக்கு வேலைக்குப் போயிட்டா. பெரியம்மாட்டச் சாப்பிடுறா, சின்னம்மாட்டப் படுக்கிறா. நிலையான ஆள் இல்லையெண்டு சிறுவர் இல்லத்துல சேர்க்கச் சொல்றாங்க, மேல உள்ளவங்க. உங்கட வழிகாட்டியத்தான் காட்டுறாங்க."

திங்கட்கிழமை காரெனிடம் சொன்னேன்.

"அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு வீடு இல்லையா?" என்று கேட்டாள்.

"இரண்டு இருக்கிறது."

நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தாள். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். அந்த வரியைத் திருத்தாமல் இனி ஒருவருக்கும் அனுப்ப மாட்டேன் என்றேன். ஆய்வு கேட்பது நம்பிக்கையான ஆளை, கூரையை எண்ணச் சொல்லவில்லை என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். இரண்டு வீட்டுக்கு நடுவே கவனிப்பார் இல்லாமல் போன பிள்ளைகளையும் தான் கண்டிருப்பதாகச் சொன்னாள். அதுவும் நியாயம். வித்தியாசத்தை எப்படி அறிவது என்று அன்று முழுவதும் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நின்றோம். அதைப் பிள்ளையிடமும் இரு வீட்டாரிடமும் தனித்தனியே கேட்கும்படி சுகந்தினிக்கு அனுப்பினேன்: பொழுதுபட்டும் நீ வரவில்லை என்றால் உன்னை யார் தேடுவார்கள்?

அடுத்த சனிக்கிழமை சுகந்தினியின் முகத்தைக் கண்டதுமே எனக்கு மூச்சு வந்தது.

"கேட்டன் அக்கா. 'பெரியம்மா ரோட்டுப் பக்கம் போவா, சின்னம்மா ஆத்தங்கரைக்குப் போவா'ண்டு யோசிக்காமச் சொல்லிட்டா. அவங்க ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க."

"அப்ப இல்லம்?"

"இல்லக்கா. மேல உள்ளவங்களும் சரியெண்டுட்டாங்க. புள்ள அங்கயேதான் இருப்பா."

வாவிக்கரையைத்தான் எங்கள் பக்கம் ஆற்றங்கரை என்போம். காரெனுக்கு அதை விளக்கினேன். பழைய வரியை வெட்டிவிட்டு, கேள்வியை வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே போட்டாள். கணினியை மூடும்போது, "உன்னை யார் தேடுவார்கள்?" என்று என்னிடம் கேட்டாள்.

"திங்கட்கிழமை இந்த அலுவலகம் தேடும்" என்றேன்.

மறுபடியும் பகிடி என்று நினைத்தாள். அதற்கு முன்பே தேற்றாத்தீவில் என் தங்கச்சி தேடத் தொடங்கிவிடுவாள், எனக்குத் தெரியும். ஆனால் அவளால் போய் நிற்க முடிவது அங்கே எங்கள் ஆற்றங்கரையில் மட்டும்தான்.