மேல்கொடியில் ஒரு பாவாடை

செங்லாவின் கொல்லையில் இரண்டு கொடிகள். வெயில் படும் மேல்கொடியில் ஆண்களின் துணி காயும். மதிலோரம் இடுப்பளவில் கட்டிய கீழ்க்கொடியில் பெண்களின் பாவாடைகள் ஈர நெடியோடு கிடக்கும். பாவாடைக்கு அடியில் நடந்தால் ஆண்பிள்ளையின் தாயத்து பலம் இழந்துவிடுமாம். தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்துச் சந்தில் பிறந்த நாளிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த சட்டம் இது. சட்டம் போட்டவன் ஒருநாளாவது துணி துவைத்திருக்க மாட்டான்.

துணி வெளுத்தே தன் இரண்டு மகள்களைப் படிக்க வைத்தவள் செங்லா. இந்த மழைக்காலத்தில் பெண்களின் துணி மட்டும் நாறுகிறதென்று பக்கத்து விடுதிக்காரி மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இன்னொரு முறை நாறினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள்.

அன்று மழை விட்டு வெயில் அடித்தது. விடுதியில் தங்கியிருந்த டென்மார்க்குப் பெண் ஒருத்தி ஓடி வந்து கைகூப்பினாள். காலையில் தானே அலசிய பாவாடையைத் தெரியாமல் மேல்கொடியில் போட்டுவிட்டாளாம். இந்த ஊர் வழக்கத்தைப் புத்தகத்தில் இப்போதுதான் படித்தாளாம். சொல்லிக்கொண்டே அதை எடுத்துக் கீழ்க்கொடியில் போட்டாள்.

செங்லா தொட்டுப் பார்த்தாள். பாவாடை பாதி காய்ந்திருந்தது. அதை மறுபடி மேலேயே போட்டாள். பிறகு கீழே கிடந்த அத்தனை பாவாடைகளையும் உதறி அதன் பக்கத்தில் விரித்தாள். இதையும் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வீட்டுப் புன்மா சவாரிக்கு வண்டி ஓட்டுபவர். கழுத்தில் கொத்தாகத் தாயத்துகள். வண்டி நிற்கும் இடத்துக்குக் கொடிக்கு அடியில்தான் வழி. மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏம்மா, நான் வண்டி ஓட்டறவன். இதுங்க பலம் போச்சுன்னா நடுரோட்டுல யாரு காப்பாத்துவா?”

“பிரேக்கு காப்பாத்தும். அண்ணே, ஒண்ணு சொல்றேன். நான் மெஷின் வாங்கினதுலேருந்து உங்க சட்டையும் என் பாவாடையும் ஒரே தண்ணியிலதான் சுத்துது. இத்தனை வருசத்துல உங்க வண்டியில ஒரு கீறல் விழுந்திருக்கா?”

புன்மா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு வாய்க்கால் சேற்று வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அவள் மகளின் பிரசவத்துக்கு வண்டி எடுத்த மனிதர். செங்லாவுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் கொடியை மாற்றவில்லை.

மாலைக்குள் துணிகளெல்லாம் மொடமொடவென்று காய்ந்தன. விடுதிக்காரி மோந்து பார்த்துவிட்டு அடுத்த மூட்டையைக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாளும் நல்ல வெயில். புன்மா சேற்றைப் பார்த்தார், மேலே ஆடிய பாவாடைகளைப் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு கொடிக்கு அடியில் நடந்தார்.

“என்ன அண்ணே, மழையா?”

“வர்ற மாதிரி இருக்கும்மா,” என்றவர், கக்கத்தில் இருந்த அழுக்குச் சட்டைகளை அவள் வாளியில் போட்டுவிட்டுப் போனார்.